நெல் ஏற்றும் டபிள் கெப்புக்கு முன் டிஸ்க்கும் பேடும் மாற்றியது

வாகனம் 2011 ஹைலக்ஸ் விகோ, போர் வீல், பிரேக்கில் சில்லு பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. முன்னால் டிஸ்க் (சில்லோடு சுழலும் இரும்புத் தட்டு, அதை இரு பக்கமும் நெரிக்கும் கட்டைதான் பேட்), பின்னால் டிரம் (சூ என்ற கட்டை உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் கிண்ணம்). போகத்தில் மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து மில்லுக்கு நெல், நடைக்கு 12 மூடை. மற்ற நாட்களில் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகள். இடைக்கிடை கண்டிக்குப் போய் மரக்கறி ஏற்றி மகியங்கனை வழியாகத் திரும்பும்.

நோய் இரண்டு. 70இல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. மகியங்கனை வீதியின் 18 வளைவு இறங்கி முடிகிற நேரம் பெடல் கல்லாக இறுகியும் வண்டி நிற்கவில்லை. பெடல் இறுகியிருந்தும் வண்டி ஓடுகிறது என்றால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போனால் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. இதைப் பிரித்தறியாமல் பேட் வாங்கப் போனால் காசுதான் வீண்.

சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். பாரத்தோடு 2,800 கிலோ வண்டியை 80இல் இருந்து ஒரு தடவை நிறுத்த ஏறத்தாழ 700 கிலோஜூல் வெப்பம் பிரேக்கில் சேரும். அதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 2,700க்கு மேல், அதாவது அப்படியான நான்கு நிறுத்தங்கள். எஞ்சின் பிடிக்காத மிச்சம் முழுவதும் இரும்புத் தட்டுக்குத்தான் போகிறது. தட்டு மெலிந்திருந்தால் அதைத் தாங்க இரும்பு இல்லை.

அளந்தது

வேர்னியரை நம்ப வேண்டாம். தேயாமல் நிற்கும் விளிம்பு இடித்து, தடிப்பைக் கூட்டிக் காட்டும். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, எட்டு இடங்களில் மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும். இடது டிஸ்க்கில் அதிகம் 23.40, குறைவு 23.35. வலது 23.60. தட்டில் பொறித்திருந்த கடைசி அளவு, அதாவது அதற்குக் கீழே போகக் கூடாத தடிப்பு, 23. ஸ்டியரிங் நடுக்கத்துக்கு அந்த 0.05 வித்தியாசமே போதும். லேத்தில் பக்கத்துக்கு 0.3 எடுத்தாலும் இடது 22.8க்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே கடையல் இல்லை, இரண்டு பக்கமும் புதிது.

இடது உள் பேட் 2.5 மி.மீ., வெளிப் பேட் 6. பேடைத் தள்ளும் உள்பக்கக் கீழ்ப் பிஸ்டன் துருவேறி, பின்வாங்காமல் நின்றிருந்தது. கடற்காற்று வண்டிகளில் இது அடிக்கடி வருகிற வருத்தம். இதைத் திருத்தாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதே மாதிரிச் சரிந்து தேயும். பிஸ்டனில் குழி விழுந்திருந்ததால் பிஸ்டனும் சீல் கிட்டும் மாற்றப்பட்டன. சீலுக்கு ரப்பருக்கென்றே வரும் சிவப்புக் கிறீஸ் மட்டும். மண்ணெண்ணெயில் கழுவினால் ரப்பர் ஊதிவிடும்.

டிஸ்க் தெரிவு

துளை போட்டது வேண்டாம். பாரமும் சூடும் சேர்ந்தால் துளையோரத்தில்தான் வெடிப்பு தொடங்கும். இரு சுவர்களுக்கிடையில் காற்று ஓட இடைவெளி உள்ள சாதாரணக் காற்றறை டிஸ்க், நடுத்தொப்பியிலும் காற்றறையிலும் துருத்தடுப்புப் பூச்சு உள்ளது எடுக்கப்பட்டது. கடையில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, தராசில் வைத்துப் பார்ப்பது. வெளி அளவு ஒன்றாக இருந்தும் ஒன்று மற்றதைவிடக் கனம் குறைந்தால் உள்ளே இரும்பைக் குறைத்திருக்கிறார்கள். மற்றது, விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது. காற்றறைக்கு இந்தப் பக்கச் சுவரும் அந்தப் பக்கச் சுவரும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். முதலில் காட்டிய சோடியில் ஒரு சுவர் கண்ணுக்கே மெலிவாகத் தெரிந்தது. அப்படியானது சூடேறினால் ஒரு பக்கமாக வளையும். திருப்பிக் கொடுத்தாயிற்று.

பேட் தெரிவு

பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அடித்திருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது கடும் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. பாரவண்டிக்கு இரண்டாவது எழுத்து ஈ என்று இருப்பதை எடுக்கவே கூடாது, மலை இறக்கத்தில் கைவிடும். ஜிஜி ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஏபிஎஸ் இல்லாத வெறும் வண்டி, மழை நனைந்த மணல் ரோட்டில் முன்சில்லு சட்டென்று பூட்டிக்கொள்ளும். அதனால் எஃப்எஃப், செமி மெட்டாலிக். அந்த எழுத்து தரத்தையோ ஆயுளையோ சொல்லாது. முதுகுத்தகடு, ஒட்டு, சிம் (முதுகில் வரும் மெல்லிய தகடு) எல்லாம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை. செமி மெட்டாலிக்கில் இரும்பு நார் உண்டு. கடலோரமான கல்லடி ஊர்ப் பக்கம் இரவு முழுக்க நின்று துருப்பிடித்த வண்டி, காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு உறுமும். அது பழுதல்ல.

பூட்டியது

பழைய டிஸ்க் ஒட்டிப் பிடித்திருந்தது. சுத்தியலால் அடிக்காமல், தட்டிலுள்ள இரண்டு துளைகளிலும் எம்8 போல்ட்டை மாறிமாறி முறுக்கியதும் கழன்றது. ஹப் முகத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும்வரை உரசினோம். புது டிஸ்க்கின் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்து, நட்டு இறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுழற்றினால் தட்டின் பக்கவாட்டு ஆட்டம் 0.09 மி.மீ. இரும்புத் தூள் ஒன்று இடையில் அகப்பட்டாலே இப்படிக் காட்டும். மறுபடி துடைத்து, டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி வைத்ததும் 0.04. 0.05க்குள் வந்தால் சரி. அந்த இடத்தைப் பெயின்டால் குறித்தாயிற்று.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது காற்று எடுக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்து பழைய ஒயிலை வெளியே விட்டோம், அழுக்கு பெடலடி மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பக் கூடாது. பிறகு டொட் 4 தரப் பிரேக் ஒயில் நிரப்பி, தூரத்துச் சில்லிலிருந்து காற்று எடுத்தது. ஈரம் ஏறாத டொட் 3 கொதிக்க 205 பாகை வேண்டும், ஈரம் ஏறினால் 140 போதும். டொட் 4க்கு அவை 230, 155.

ஆனால் மூலகாரணம் பின்னால்

முன் பேட் எரிந்ததற்குப் பின்பக்கமும் காரணம். நெல் மூடைக்காகப் பின் வில்லில் பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் கூட்டியிருந்தார்கள். பாரம் உணரும் வால்வு, உடலுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்துத்தான் பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும். பட்டை விறைப்பானதால் உடல் தாழவில்லை. வண்டி வெறுமை என்று வால்வு எண்ணி, பிரேக் வேலையை முன்பக்கத்தின் தலையில் போட்டது. தேய்வுக்கேற்ப சூவை நெருக்கும் டிரம்மின் தானியங்கி அஜஸ்டரும் இறுகி, சூ தொலைவில் நின்றது. அஜஸ்டர் கழுவிக் கிறீஸ் வைத்தாயிற்று. வால்வுக் கம்பி நீளத்தை அழுத்த மானி வைத்துத்தான் மாற்ற வேண்டும், கண்மதிப்பு ஆபத்து.

படியவைத்தது, முடிவு

புதுப் பேடும் தட்டும் ஒன்றோடொன்று படிய, செங்கலடி பதுளை வீதியில், கரடியனாறு தாண்டி ஆள்நடமாட்டம் குறைந்த விடியலில், 60இல் இருந்து 15 வரை பத்துத் தடவை, முற்றாக நிறுத்தாமல். பின் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓடிக் குளிரவைத்தது. சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்துப் பிடித்தால் பேட் ஒரே இடத்தில் படிந்து நடுக்கம் திரும்பும். 300 கி.மீ.யில் இரண்டு தட்டுகளிலும் ஒரே சாம்பல் நிறப் படலம். 1,500இல் நான்கு பேடும் 0.2 மி.மீ. வித்தியாசத்துக்குள்.

வால்வுக் கம்பி இன்னும் பாக்கி. 12 மூடை ஏற்றி மானி வைத்துப் பார்த்த பிறகே நீளம் மாற்றப்படும்.