எவ்வளவு என்று கேட்டிருப்போம்

"கேட்டிருந்தா நீங்க வேண்டாம்னுதாம்மா சொல்லியிருப்பீங்க."

வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாக் கூட்டத்தில், பாதாள சாக்கடைக்காக நகராட்சி வாங்கிய கடனைப் பற்றி எங்களைக் கேட்டீர்களா என்ற ஒரு அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். கோபத்தில் சொன்னதல்ல. நகராட்சியின் கணக்குப் பிரிவில் இத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து வந்த வார்த்தை. அதற்கு அந்த அம்மா சொன்ன பதில்தான் என்னை விடமாட்டேன் என்கிறது: "வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டோம் சார். எவ்வளவுன்னு கேட்டிருப்போம்."

அவர் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். குழுக் கூட்டத்தை முடித்துவிட்டு நேராக வந்ததால் கையிலிருந்த பையில் தீர்மான நோட்டு இருந்தது. அதை எடுத்து விரித்துக் காட்டினார். கோடு போட்ட பக்கம். யாருக்கு எவ்வளவு, எதற்கு, மாதத் தவணை என்ன என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கையெழுத்து. ஒரு பெயருக்கு நேரே மட்டும் ஊதா மையில் கைநாட்டு. "எல்லாரும் இதுல போட்டப்புறம்தான் சார் நாங்க பேங்குக்கே போவோம். ஊரு பேர்ல வாங்கின கடனுக்கு எங்க கையெழுத்து எங்க இருக்கு?"

கவுன்சிலர் குறுக்கிட்டு, அது போன காலத்தில் எடுத்த கடன் என்றார். அது உண்மை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் நகர்மன்றங்களுக்குப் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுவதும் தனி அலுவலர் ஆட்சி, அதாவது மன்றத்தின் இடத்தில் ஓர் அரசு அதிகாரி. எங்கள் கடன் அப்போது எடுத்தது. அந்தக் கோப்பு எனக்கு மனப்பாடம். கடனுக்கு அனுமதி கோரும் குறிப்பில் ஆணையர் என்று ஒரு கையெழுத்து. அடுத்த தாளில், மன்றத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்தி அனுமதி அளிக்கும் தீர்மானத்தில், தனி அலுவலர் என்று ஒரு கையெழுத்து. இரண்டும் ஒரே ஆளுடையது. சட்டப்படி இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆணையர்தான் தனி அலுவலர். தணிக்கையிலும் தடை எழுதப்படவில்லை.

அன்றைக்கு எடுக்காமல் இருந்திருக்க முடியுமா? திட்ட மதிப்பீட்டில் ஒரு பங்கு மானியம், ஒரு பங்கு கடன், மீதி நகராட்சிப் பங்கும் மக்கள் வைப்புத்தொகையும். கடன் ஒப்பந்தம் தாமதமானால் மானியம் வேறு ஊருக்குப் போய்விடும். கழிவுநீரெல்லாம் மழைநீர் வடிகாலில் ஓடிக்கொண்டிருந்தது. தேர்தல் வரும், மன்றம் அமையும், அதுவரை பொறுப்போம் என்று கோப்பைக் கட்டிவைக்க யாருக்கு மனம் வரும்? தவிர, மன்றம் இருந்த காலத்திலும் கடன் தீர்மானத்தின் மேல் நீண்ட விவாதம் நடந்து நான் பார்த்ததில்லை. கொசு மருந்துக்கு நடக்கும் சண்டை கடனுக்கு நடக்காது. அன்றைய விவாதப் பொருள்கள் மொத்தமும் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும்.

இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் நான் அப்படிச் சொன்னேன். ஆனால் சென்னையை ஒட்டிய ஆலந்தூர் விஷயம் எனக்குத் தெரியாததல்ல. 1990களின் கடைசியில் அங்கே பாதாள சாக்கடைத் திட்டம் வந்தபோது நகராட்சியும் குடியிருப்போர் சங்கங்களும் தெருத்தெருவாகப் போய்ப் பேசின. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை, அப்புறம் மாதாமாதம் இவ்வளவு கட்டணம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். குழாய் பதிக்கும் முன்பே ஆயிரக்கணக்கான வீடுகள் பணம் கட்டின. மீதிக்குத்தான் கடனும் மானியமும். எங்கள் துறையில் பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கதை இது. கேட்டால் வேண்டாம் என்றுதான் மக்கள் சொல்வார்கள் என்ற என் வாக்கியத்துக்கு எதிரான சாட்சி என் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

சரி, ஆலந்தூரையும் அப்படியே எங்கள் ஊரில் வைத்துப் பார்க்க முடியாது. அங்கே மக்கள் ஒப்புக்கொண்டது தங்கள் வீட்டு வாசலுக்கு வரப்போகும் இணைப்புக்கான விலையை. கடனுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. வரி வருவாய் முதலில் எஸ்க்ரோ கணக்குக்குப் போகும்; கடன் தவணைக்கென்று பூட்டி வைத்த வங்கிக் கணக்கு அது. தவணை எடுத்தது போக மிச்சம்தான் எங்கள் கைக்கு வரும். அதிலும் துண்டு விழுந்தால் மாநில அரசு எங்களுக்குத் தரும் நிதிக்குழு மானியத்தில் பிடித்தம். பணம் ஊருக்கு வந்து சேரும் முன்பே கடன் அடைபட்டுவிடுகிறது. அதனால் யாருக்கும் கடன் கட்டுவதாகவே தெரியாது. மக்களுக்குத் தெரிவதெல்லாம் வேறு: பழுதான குப்பை வண்டிக்குப் பதில் புது வண்டி வரவில்லை, தெருவிளக்குக்குச் சொல்லியும் ஆள் வரவில்லை. அந்த அம்மாவே கூட்டத்தில் முதலில் கேட்டது தெருவிளக்கைப் பற்றித்தான். அதற்கும் தவணைக்கும் உள்ள தொடர்பு அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, கேட்காததை நான் ஏன் இழுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடன் கொடுப்பவர்களுக்கு எங்களைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. பல வருடத்துக் கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல் (கேட்ட வரி, வசூலான வரி, பாக்கி), மின்வாரியப் பாக்கி, ஓய்வூதியப் பாக்கி, குடிநீர் வடிகால் நிதியில் இருப்பு என்று ஒன்று விடாமல் வாங்கிப் பார்த்த பிறகுதான் ஒப்பந்தம். 1998இல் அகமதாபாத் மாநகராட்சி மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமல் 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. அதற்கு முன்னால் கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு மதிப்பீடு வாங்கி, கணக்கைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. 2015இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கொண்டுவந்த விதிகளின்படி, பொதுமக்களுக்குப் பத்திரம் விற்கும் எந்த மாநகராட்சியும் பழைய கடன் உட்பட எல்லாவற்றையும் ஆவணத்தில் போட்டாக வேண்டும். முதலீடு செய்கிறவருக்கு இவ்வளவு. வரி கட்டுகிறவருக்கு?

அதற்கும் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபாவுக்கும் விதிகள் வந்தது 2022இல். அவ்வளவு காலம் கழித்து வந்த கூட்டத்தில்தான் நான் அப்படி ஒரு பதிலைச் சொன்னேன். அதற்காக என்னைத் திட்டிக்கொள்ளத் தோன்றும் நாளும் உண்டு. மனதில் பட்டதை மறைக்காமல் சொன்னேன், மழுப்பியிருந்தால் அவர் நோட்டை எடுத்தே இருக்கமாட்டார் என்று தோன்றும் நாளும் உண்டு.

இப்போது குடிநீர்த் திட்டத்துக்கு மறுபடியும் கடன் கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மன்றத்தின் முன் வைக்கும் விவாதப் பொருளின் வரைவில் ஒரு பத்தி சேர்த்தேன்: கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டு, ஆண்டுத் தவணை நம் சொந்த வருவாயில் எத்தனை பங்கு. இதே தாளைப் பகுதி சபாவிலும் வைக்கலாம் என்று குறிப்பும் எழுதினேன். மேலே இருப்பவர் அந்தப் பத்தியைச் சுழித்து, தொகையை மட்டும் போட்டால் போதும் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழுத் தொகையைக் கேட்டால் மலைப்பார்கள், மலைத்தால் தண்ணீர் தள்ளிப்போகும் என்ற அவர் பயம் எனக்கும் உண்டு.

வீட்டுக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொன்னால் புரியும். ஆனால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். ஓட்டு வீட்டுக்காரர் கட்டும் வரியும் கல்யாண மண்டபத்தின் வரியும் ஒன்றா? வருவாயில் இத்தனை சதவீதம் என்றால் உண்மை, ஆனால் யாருக்கும் உறைக்காது. இந்தத் தவணையால் ஆண்டுக்கு எந்தெந்த வேலைகள் நிற்கும் என்று எழுதலாம். அதுதான் சரியான பதில் என்று படுகிறது. ஆனால் அதைக் கணக்குப் பிரிவு எழுத முடியாது. எந்த வேலையை நிறுத்துவது என்று மன்றம் முடிவு செய்ய வேண்டும், முடிவு செய்தால் அந்த வார்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வேண்டும். அதைச் செய்ய யார் முன்வருவார் என்று எனக்குத் தெரியவில்லை.