அறுப்பு வண்டியும் சின்னம்மாவும்

மேலூர் பக்கம் எங்கள் ஊரில் இந்த வாரம் நெல் அறுப்பு. 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் இன்றைக்கும் எங்கள் வயலுக்கு வருகிறது. அறுக்கிற கைதான் மாறிவிட்டது.

காலையில் செயின் வைத்த அறுப்பு வண்டி வயலில் இறங்கியது. ஏக்கருக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை டிராக்டரில் கொட்டிவிட்டுப் போய்விட்டது. அதே ஏக்கருக்கு முன்பெல்லாம் பத்துப் பதினைந்து பேர் பொழுது சாயும் வரை குனிந்து நிற்பார்கள். இப்போது வைக்கோலும் நொறுங்கிப் போகிறது, அப்புறம் அதைக் கட்ட இன்னொரு மெஷின்.

சின்னம்மா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடது கைச் சுண்டுவிரலில் பழைய அரிவாள் தழும்பு அப்படியே இருக்கிறது. "கூலி நெல்லு வீட்டுக்கு வந்தா நாலஞ்சு மாசத்துக்கு அரிசிக் கவலை இருக்காதுடா" என்றார். வண்டி போன பிறகு, மூலையில் விட்டுப்போன கதிர்களை அறுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

மெஷின் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். விளைந்த பயிர் மழையில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் தெரியும். ஆள் கிடைப்பதும் கஷ்டம். மெஷின் வாங்க அரசு மானியம் தருகிறது, சரி, நல்லது. கூலி நெல்லை இழந்த பெண்களுக்கு என்ன?

ஜனவரி 26 கிராம சபையில் இதைக் கேட்கப் போகிறேன். சின்னம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.