அகுவா கலியன்டே

மார்ச் 4
ரிப்போர்ட் வியாழக்கிழமைதான் வருமாம். அப்பாவிடம் "சும்மா செக்கப்" என்று அண்ணன் சொல்லிவைத்திருக்கிறான்.

மார்ச் 5
தூக்கம் இல்லை. போனில் ஒரு பழைய ஹாலிவுட் படம், 'ஒன் வே பாசேஜ்', 1932. ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகிற கப்பல். அவன் (வில்லியம் பவல்) தூக்குத் தண்டனைக் கைதி, கூடவே போலீஸ்காரர். அவள் (கே பிரான்சிஸ்) பிழைக்க மாட்டாள். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதில்லை. குடித்ததும் கிளாஸை உடைத்து, காம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைக்கிறார்கள். கதைக்கு ஆஸ்கார் கிடைத்த படம். யாரும் பேசி நான் கேட்டதே இல்லை. சாகப்போகிறவள் இவ்வளவு அழகாகவா உடுத்துவாள்?

மார்ச் 6
ஆணியைச் சூடாக்கி, பெல்ட்டில் அப்பா இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டார்.

மார்ச் 7
வந்துவிட்டது.

மார்ச் 8
"இப்போ சொல்ல வேண்டாம்" என்கிறான் அண்ணன். இப்போ என்றால் எப்போது வரைக்கும்?
படத்தில், வழியில் ஹொனலூலுவில் அவன் தப்பித்திருக்கலாம். அவள் மயங்கி விழுகிறாள், தூக்கிக்கொண்டு அதே கப்பலுக்குத் திரும்புகிறான். கடைசியில் இரண்டு பேருக்குமே எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, புதுவருஷத்துக்கு முந்தின ராத்திரி மெக்சிகோவில் அகுவா கலியன்டேயில் சந்திப்போம் என்று சிரித்துப் பிரிகிறார்கள். அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு எரிச்சலாக வருகிறது. ஒரு மணி நேரச் சொச்சத்துக்கு அந்தப் பொய் தாங்கும். எங்களுக்கு எத்தனை மாசம்?

மார்ச் 9
மறுபடி போட்டேன். அப்பா எட்டிப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். குடிகாரத் திருடனாக வரும் பிராங்க் மெக்ஹியூவைப் பார்த்து அப்படிச் சிரித்தார். பிறகு இருமல்.

மார்ச் 10
கஞ்சி. பாதி.

மார்ச் 11
"அந்தப் பொண்ணுக்கு என்ன வியாதிம்மா?"
"தெரியலப்பா."
"டாக்டர் அவகிட்டயே சொல்லிட்டாரா?"
"ம்."
"நல்ல டாக்டர்."
டிவி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார். அது அவர் மடியிலேயே இருந்தது.

மார்ச் 12
அண்ணன் நாலு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.
கடைசிக் காட்சியை மட்டும் போடச் சொன்னார் அப்பா. மதுக்கடை, புதுவருஷக் கூச்சல். ஆளே இல்லாமல் இரண்டு கிளாஸ் உடைகிற சத்தம். "இன்னொரு தடவை" என்றார்.

மார்ச் 13
சித்திரை ஒண்ணுக்கு ஊரில் இருக்கணுமாம். "நீயும் நானும், டிக்கெட் போடு" என்றார். போட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் 23, 24.