பெங்களூரில் இப்போது என்ன பூத்திருக்கும்?

தை கழிந்து மாசி பிறக்கும்போது, பெங்களூரை விட்டு வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்ட நண்பர்களுக்கு ஒரு செய்தி அனுப்புவார்கள்: “மஞ்சள் பூத்துருச்சா?” எந்த மஞ்சள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. டபேபுயா என்ற மரத்தின் பூதான். அல்சூரோ ஸ்ரீராமபுரமோ ஜெயநகரோ, எந்தப் பேட்டையில் குடியிருந்தாலும் சரி, அந்த ஊரில் நாலைந்து வருடம் இருந்தவர்களுக்கு மாதம் மாறுவது முதலில் மரத்தில்தான் தெரியும்.

அப்படிக் கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒரே ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி, பூவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். போன வருடம் எந்தத் தேதியில் பூத்ததோ அதே தேதிக்கு டிக்கெட் போடுவதுதான் காரணம். பூவுக்குத் தேதி தெரியாது. மழை நின்று எத்தனை நாளாயிற்று, மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது, இது இரண்டும்தான் அதற்குத் தெரியும்.

நாம் ஏங்குவது ஒரு மரத்துக்காக என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த வரிசைக்காக ஏங்குகிறோம். நமக்கு இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூரில் பூக்காலம் முன்பனியிலேயே தொடங்கி, ஒரு மரம் கொட்டி முடிக்கும்போது அடுத்த மரம் விரிய, ஜூன் வரை நீளும். இது தானாக அமைந்ததில்லை. 1865-இல் ஜெர்மனியில் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, 1893-இல் பரோடாவுக்கும் 1908-இல் மைசூர் சமஸ்தானத்துக்கும் வந்தவர் குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பிகல். பெங்களூரின் தாவரவியல் தோட்டமான லால்பாக் அவர் பொறுப்பில் இருந்தது. சாலையோர மரங்களை அவை பூக்கும் மாதம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். எந்த மாதமானாலும் ஊரில் ஏதாவது ஒரு தெரு பூத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1956-இல் பெங்களூரிலேயே காலமானார். லால்பாக் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. பிறகு 1980-களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் ஐந்து வருடத்தில் சுமார் 15 லட்சம் கன்றுகளை ஊருக்குள் நடவைத்தார். இன்று நாற்பது வயதைத் தொட்ட தெருமரங்களில் நிறைய அந்தக் காலத்து நடவு. நம் ஏக்கத்துக்கு இந்த இரண்டு பேரும் காரணம்.

டிசம்பர், ஜனவரியில் தொடங்குவது அடர்ந்த ரோஜா நிற டபேபுயா. தாவரவியல்காரர்கள் அவெல்லானிடே என்பார்கள். கிளையெங்கும் பந்து பந்தாகப் பூக்கும். அதற்குப் பின்னால் இலவும் முள்முருங்கையும், இரண்டும் இலையில்லாமல் சிவப்பாக. மைனா, கிளி, காகம் மூன்றும் ஒரே மொட்டை மரத்தில் கூடிச் சத்தம் போட்டால் அங்கே இலவு பூத்திருக்கிறது என்று அர்த்தம். பிப்ரவரி நடுவில் மஞ்சள் டபேபுயா. அதற்கு முன்னும் பின்னுமாக வெளிர் ரோஜா டபேபுயா, அதாவது ரோஸியா. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஊதாப் பூ பூக்கும் ஜக்கராண்டா.

வெளிர் ரோஜாவையும் அடர் ரோஜாவையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ரோஸியா உயரமாக வளரும், பூக்கும்போதும் அங்கங்கே இலை ஒட்டியிருக்கும், பூவின் நிறம் சலவை செய்த ரோஜா. அவெல்லானிடே குட்டையானது, நிறம் கத்திரிப்பூவைத் தொடும் அடர்த்தி. ஜக்கராண்டாவைப் பூ இல்லாதபோதும் கண்டுபிடிக்கலாம்: மயில்கொன்றை போல நுணுக்கமான இலை, ஆனால் காய் நீளமாக இருக்காது. தட்டையாக, வட்டமாக, வாய் மூடிய கிளிஞ்சல் போலத் தொங்கும்.

மார்ச்சில் புங்கம். அது பழைய இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு, சில நாளிலேயே எண்ணெய் தடவினாற்போல் மின்னும் இளம்பச்சையில் தளிர்க்கும். கன்னடத்தில் ஹொங்கே. யுகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் கையில் வாங்கும் சமயத்தில்தான் ஹொங்கே நிழலும் தெருவுக்குத் திரும்பி வரும். பூ சின்னது, வெள்ளையும் ஊதாவும் கலந்தது. அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் தரையைப் பார்க்க வேண்டும், பொரி சிந்தியதுபோல் கிடக்கும். சங்கப் புலவர்கள் புங்கம்பூவைப் பொரி என்று சொன்னது எவ்வளவு துல்லியம் என்பது மல்லேஸ்வரத்து நடைபாதையில் புரியும்.

ஏப்ரல், மே மாதங்களில் இயல்வாகை, மயில்கொன்றை, சரக்கொன்றை, பூமருது எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வரும். இவை நம் ஊரிலும் பூப்பவைதான். இதில் ஓர் எச்சரிக்கை மட்டும்: கோடை மழை நனைத்த சாலையில் இயல்வாகைப் பூ சோப்புபோல் வழுக்கும். ஸ்கூட்டர் வளைவில் கவனம்.

இப்போது மஞ்சளுக்கு வருகிறேன். மஞ்சள் டபேபுயா சாதாரண நாளில் பார்க்க லட்சணமான மரமே இல்லை. தண்டு கோணும். பட்டை தக்கைபோல் வெடித்திருக்கும். இலை சாம்பல் பூசிய பச்சை. வருடத்தில் ஐம்பது வாரம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை நின்று மண் காயக் காய, மரம் இலையைக் கொட்டும். கொட்டி முடியும் நேரத்தில் கிளை நுனிகளில் மொட்டுகள் கொத்தாகத் திரளும். முதல் பூ விரிந்ததிலிருந்து மரம் முழுக்க நிறைய நாலைந்து நாள், அந்த நிறைவு நிற்பது ஏறக்குறைய ஒரு வாரம். அவ்வளவே அதன் காலம். பூ இதழ் இதழாக உதிராது. குழலோடு முழுதாகக் கழன்று விழும். அதனால்தான் அடியில் கிடப்பவையும் வாடாமல், மரத்தில் ஒன்று தரையில் ஒன்று என்று இரண்டு மரம்போல் தெரியும்.

இதைக் கெடுப்பது தண்ணீர். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசிவரை இழுத்தால் பூ தள்ளிப்போகும். ஜனவரி, பிப்ரவரியில் பருவம் தப்பி ஒரு நல்ல மழை பெய்தால் மரம் பாதி இலையோடு நிற்கும், பூவும் ஒரு பக்கம் இருந்து ஒரு பக்கம் இல்லாமல் போகும். தினமும் ஸ்பிரிங்க்ளர் ஓடும் அபார்ட்மென்ட் புல்வெளியில் நிற்கும் மரத்தைவிட, யாரும் தண்ணீர் ஊற்றாத சாலைத் திட்டில் நிற்கும் மரம் நிறைவாகப் பூப்பதற்கும் இதுதான் காரணம். மார்ச் மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் பெய்தால் அந்த மரத்தின் வருடம் அன்றோடு முடிந்தது.

ஆகவே டிக்கெட் போடுமுன் அங்கிருக்கும் நண்பரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கடைசியாக எப்போது மழை பெய்தது? வீட்டுப் பக்கத்து மஞ்சள் மரத்தில் இலை இருக்கிறதா? நுனியில் மொட்டுக் கொத்து தெரிகிறதா? மூன்று வாரமாக மழை இல்லை, இலை கொட்டிவிட்டது, மொட்டு தெரிகிறது என்றால் அடுத்த வார இறுதியே சரியான நாள். இணையத்தில் வரும் படத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். இன்று கண்ணில் படும் படம் ஐந்து நாளுக்கு முன் எடுத்ததாக இருக்கலாம், போன வருடத்துப் படமாகவும் இருக்கலாம். இந்தப் பூவுக்கு ஐந்து நாள் என்பது பாதி ஆயுள்.

நண்பரே போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் தரையையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். மரத்தில் பூ, தரையில் ஒன்றிரண்டு: இப்போதுதான் தொடக்கம். இரண்டிலும் சமமாக இருந்தால் உச்சம், உடனே கிளம்பலாம். தரையில்தான் அதிகம், கிளையில் பச்சை நுனி எட்டிப் பார்க்கிறது என்றால் மஞ்சளை விட்டுவிட்டு ஜக்கராண்டாவுக்குத் திட்டமிடுங்கள். அது ஒரே மூச்சில் கொட்டாது. மரத்துக்கு மரம் முன்பின்னாகப் பூப்பதால் மூன்று, நான்கு வாரம் கிடைக்கும். ஒருமுறைதான் போக முடியும் என்பவர்களுக்கு மார்ச் இரண்டாம் வாரத்தைச் சொல்வேன். மஞ்சளின் கடைசி மரங்கள், ரோஸியா, ஜக்கராண்டா, புங்கந்தளிர் நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள வாய்ப்புள்ள வாரம் அதுதான்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு அந்தத் தோட்டத்தின் பெயரையே தாங்கிய லால்பாக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஏறினால் இரவு பெங்களூர். சனிக்கிழமை காலை லால்பாக், ஞாயிறு காலை கப்பன் பார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டாம். ஞாயிறன்று கப்பன் பார்க்கின் உள்சாலைகளில் வண்டி கிடையாது. உதிர்ந்த பூ டயரில் நசுங்காமல் விரித்தபடியே கிடக்கும், நடுச்சாலையில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். லால்பாக்கிற்குப் பச்சை மெட்ரோ, கப்பன் பார்க்கிற்கு ஊதா மெட்ரோ. ஆனால் ஞாயிறு மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும், அன்று ஆட்டோ பிடிப்பதே நல்லது. மார்ச்சில் ஆறரை வாக்கில் விடியும். எட்டரைக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். பிறகு வெயில் நிறத்தைத் தின்றுவிடும்.

போனில் படம் எடுப்பவர்களுக்கு: மஞ்சளை எடுக்கும்போது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், வானம் மரத்துக்குப் பின்னால். பூவைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். இறக்காவிட்டால் பூவெல்லாம் சேர்ந்து ஒரே மஞ்சள் திட்டாகிவிடும். ஜக்கராண்டாவுக்கு நேர்மாறு, மேகமூட்டம்தான் நல்லது. நேர் வெயிலில் போன் அந்த ஊதாவை நீலமாக்கிவிடும். வானத்தைச் சட்டத்திலிருந்து விலக்கி, பின்னால் கட்டடமோ வேறு மரமோ வரும்படி நின்றால் கண்ணுக்குத் தெரிந்த நிறம் ஓரளவு படத்திலும் வரும்.

சில தெருக்களில் நீங்கள் தேடும் மரம் இருக்காது. சாலை அகலப்படுத்தியதிலும் மெட்ரோ வேலையிலும் நிறையப் போயிற்று. நின்றவற்றிலும் பல, வேரைச் சுற்றிக் கழுத்துவரை சிமென்ட் பூசி, கால்வாய்க்கும் கேபிளுக்கும் வேரை ஒரு பக்கம் அறுத்து, மின்கம்பிக்காக மறுபக்கக் கிளையை வெட்டிய நிலையில் நிற்கின்றன. சாய்ந்த பாரத்தோடு நிற்கும் மரத்தை ஏப்ரல் காற்று எளிதாகத் தள்ளிவிடும். பழைய தெருவைப் பார்க்கப் போகிறவர்கள் மனதைக் கொஞ்சம் தயார்செய்துகொண்டு போங்கள். பார்க்குகளில் இருப்பவை பெரும்பாலும் இருக்கின்றன.

ஊருக்கே கொண்டுபோய் நட்டுவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஜக்கராண்டாவை விட்டுவிடுங்கள். சென்னைபோன்ற கடலோர வெக்கையில் அது வளரும், இலைவிடும், பூக்காமல் ஏங்கவைக்கும். அதற்குக் குளிர்ந்த, காய்ந்த பனிக்காலம் வேண்டும். பார்த்தே ஆகவேண்டும் என்றால் மார்ச், ஏப்ரலில் குன்னூர், கோத்தகிரி, மூணாறு பக்கம் போகலாம். மயில்கொன்றையையும் இயல்வாகையையும் வீட்டுச் சுவரோரம் வைக்காதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னைத் தெருக்களில் இவை எப்படி விழுந்துகிடந்தன என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மஞ்சள் டபேபுயா சிறிய மரம், வீட்டுக்குப் பொருந்தும். சித்திரை வெயிலில் காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். வெடித்துவிட்டால் விதை காற்றோடு போய்விடும், ஒவ்வொன்றுக்கும் காகிதம்போல் வெள்ளைச் சிறகு உண்டு. காகித உறையில் எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். இந்த விதைக்கு ஆயுள் குறைவு, ஒரு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய உரம் ஒன்று. விதையைப் படுக்கவைத்து அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். ஆழமாகப் புதைத்தால் அழுகும். இரண்டு வாரத்தில் முளைக்கும். கன்று இரண்டடி ஆனதும் ஆடி, ஆவணியில் இரண்டடிக் குழி எடுத்து, சுவரிலிருந்து குறைந்தது 12 அடி தள்ளி நடுங்கள். கோணி வளரும் மரம், முதல் இரண்டு வருடம் குச்சி கட்டியே ஆகவேண்டும்.

அதன்பிறகு எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: பாசத்தில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றுவது. மூன்றாம் வருடத்திலிருந்து மார்கழி முதல் மாசி வரை ஒரு சொட்டு ஊற்றாதீர்கள். யூரியாவும் வேண்டாம், இலைதான் பெருகும். அந்த மாதங்களில் கிளையையும் வெட்டக் கூடாது, மொட்டு வருவதே நுனியில்தான். இலை மொத்தமும் உதிர்ந்து, மரம் பட்டுப்போனதுபோல் நிற்கும்போது வீட்டில் யாராவது வாளியோடு போவார்கள். அந்த வாளியைத் தடுத்துவிட்டால், நாலைந்து வருடத்தில் ஒரு மாசி மாதம் நீங்களே பெங்களூர் நண்பருக்குப் படம் அனுப்பலாம்.