மூக்குப்பேணியும் அதன் நிழலும்

ஏப்ரல் 8

அம்மம்மாவின் பித்தளை மூக்குப்பேணியை, மூக்கு வைத்த குடிகுவளையை, விறாந்தைக் குந்தில் வைத்துக் காலை வெயிலில் படம் எடுக்கிறேன். வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தால் பேணி தட்டையாகிவிடுகிறது. நிறம் இருக்கும், விளிம்பு இருக்கும், வயிறு இருக்காது. வெயில் பக்கவாட்டில் விழும்படி நகர்ந்து நின்றால் உருண்டு எழும்புகிறது. வெளிச்சப் பக்கத்துக்கும் இருட்டுப் பக்கத்துக்கும் நடுவில் மெல்ல மங்கிப் போகும் ஒரு பட்டை இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் கண் இது உருண்டை என்று நம்புகிறது.

"புளி போட்டு மினுக்கித் தரட்டே பிள்ளை?" என்று அம்மம்மா கேட்டா. "வேண்டாம் அம்மம்மா, அப்பிடியே கிடக்கட்டும்" என்றேன். மினுக்கிய பித்தளை கண்ணாடி மாதிரி. யன்னலும் கமராவும் நானும் அதில் தெரிவோம், அந்த மங்கும் பட்டை காணாமல் போய்விடும். களிம்பேறிய பித்தளைதான் வெளிச்சத்தைச் சிதற விட்டு வளைவைக் காட்டுகிறது.

ஏப்ரல் 9

நிழலின் நீளம் பார்த்தேன். காலை 7 மணிக்குப் பேணியின் உயரத்தைப்போல் நாலு மடங்குக்கு மேல். 9.10 அளவில் உயரமும் நிழலும் சரிக்குச் சரி. சூரியன் 45 பாகையில் நிற்கும் நேரம் அது.

மூக்கு சூரியனைப் பார்த்திருந்தால் நிழலில் மூக்கே இல்லை, வெறும் குவளைதான் விழுகிறது. பேணியைக் கால்வாசி திருப்பினேன். மூக்கு சீமெந்துத் தரையில் நீண்டு வந்தது. பொருளுக்கு ஒரு முகம், நிழலுக்கு இன்னொரு முகம். இரண்டையும் ஒரே படத்துக்குள் பேசவைக்க வேண்டும் என்றால் பொருளைவிட நிழலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 11

இன்று நீத்துப்பெட்டி. பனையோலையில் பின்னிய கூம்பு, பிட்டு அவித்து அவித்துப் பழுப்பேறியது. வெள்ளைச் சுவருக்குக் கிட்டப் பிடித்தால் பின்னலின் ஒவ்வொரு கண்ணும் சுவரில் கூர்மையாக விழுகிறது. ஒரு மீற்றர் தள்ளிப் பிடித்தால் எல்லாம் கரைந்து ஒரே சாம்பல் முக்கோணம். சூரியன் புள்ளி அல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமான வட்டம். அதனால் ஒரு மீற்றர் தூரத்தில் நிழலின் விளிம்பு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் மங்குகிறது. ஓலைக் கண்கள் அதைவிடச் சிறியவை, பிறகு எப்படித் தெரியும்?

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் இடையில், ஒரு சாண் தூரம். வாய்ப்பக்கத்துப் பின்னல் தெரியும், நுனிப்பக்கம் மங்கும். பெட்டிக்கு ஆழம் இருக்கிறது என்பதை நிழலே சொல்லிவிடும்.

இரவு புகைப்படக் கலைஞர்கள் இருவரின் பழைய படங்கள் இரண்டைத் திரும்பப் பார்த்தேன். ஆந்த்ரே கெர்டெஸ் 1928இல் பாரிசில் எடுத்த முள்ளுக்கரண்டி: கோப்பை விளிம்பில் சாய்ந்து கிடக்கும் கரண்டியும் அதன் நிழலும், வேறொன்றும் இல்லை. எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த குடைமிளகாய்: தகரப் புனல் ஒன்றுக்குள் வைத்து எடுத்தது. முதலாவதில் வெளியே விழுந்த நிழல்தான் படம். இரண்டாவதில் நிழல் மிளகாயின் மேலேயே தங்கி, அதை ஒரு உடம்பாக்கி விடுகிறது. நான் வெஸ்டன் பக்கம்தான் சாய்கிறேன்.

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு. பெரியவர்கள் தரும் கைவிசேடக் காசை வாங்கி, சாப்பாட்டுக்கு முன்னர் முற்றத்துக்கு ஓடினேன். இந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுக்கும், மதியம் 12.10க்கு. பேணியின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டுவிட்டது. மூக்கின் நிழல் மட்டும் சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தது.

படம் எடுக்க ஆகாத நேரம் என்பார்கள். ஆனால் வெள்ளைச் சீமெந்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பேணியின் வயிற்றுக்குக் கீழிருந்து ஏறியது. மேலே வெளிச்சம், கீழே வெளிச்சம், நடுவில் இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். காலையில் ஒருநாளும் காணாத உருவம் அது. கறுப்புச் சீலையை விரித்ததும் கீழ் வெளிச்சம் போய், பேணி பாதியாகக் குறைந்தது. சீலையை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 16

படம் எடுக்கும் மேசையை எங்கே போடுவது என்ற யோசனை. வடக்கு யன்னலுக்குப் பக்கத்தில் போடு, அங்கே நேர் வெயில் வராது, வெளிச்சம் மெதுவாக, நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லித் தருகிறார்கள். ஐரோப்பாவுக்குச் சரி, அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான். நாங்கள் இருப்பது பூமத்திய கோட்டிலிருந்து வடக்கே ஒன்பதரைப் பாகைக்குக் கொஞ்சம் மேலே. இனி ஆகஸ்ட் கடைசிவரை மதியச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். காலையிலும் பின்னேரத்திலும் வடக்கு யன்னலால் வெயில் சரிந்து உள்ளே வரும். மெல்லிய வெளிச்சம் வேண்டுமென்றால் இந்த நாலரை மாதமும் தெற்கு யன்னல்தான்.

தெற்கு அறை அம்மம்மாவின் அறை. கேட்டேன். "நெல்லுப் பெட்டியை அரக்கினால் மேசை போடலாம், ஆனால் மத்தியானம் நான் படுக்கிற நேரம் வராதை" என்றா. காலைகள் போதும். பனங்கட்டிக் குட்டானில், பனங்கட்டி வார்த்த சின்ன ஓலைப் பெட்டியில், தொடங்குகிறேன்.