இராயப்பர் கோயிலும் எங்கள் மாதா கோயிலும்

ஞாயிறன்று பெங்களூரு சிவாஜிநகர் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் அத்தையோடு வெளியே நிழலில் உட்கார்ந்தேன். முன்பு ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போனபோது கொலோன் நகரத்தில் எடுத்த படங்களைப் போனில் காட்டினேன். படங்களில் இருந்தது இயேசுவின் சீடர் ஒருவர் பெயரில் உள்ள கோயில். அவரை இப்போது பேதுரு என்கிறோம். அத்தைக்கு அவர் இன்னும் இராயப்பர்தான். அது இராயப்பர் கோயில்.

"என்னப்பா, சுரூபம் ஒண்ணையும் காணோம். பீடம் எங்க?" என்றார்.

பூசை வைக்கிற பீடம் படத்திலேயே இருந்தது. எதுவார்தோ சில்லிடா என்ற சிற்பி செய்தது, மூன்று துண்டு கிரானைட். அத்தை அதை வெறும் கல் என்று நினைத்துவிட்டார். நானும் அங்கே முதலில் அப்படித்தான் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தபின் அந்தக் கல்லின் கனம் மனசில் இறங்கியது.

1987-இல் மென்னெகெஸ் என்ற சேசுசபைச் சாமியார் அந்தக் கோயிலில் இன்றைய கலைஞர்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கினார். பூசை நடக்கிற அதே இடத்தில்தான் கண்காட்சியும். கடவுள் நம்பிக்கையே இல்லாத ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் படத்தைக்கூட அங்கே வைத்தார். எனக்கு இது பெரிய காரியமாகப் படுகிறது. வேதனையை வரைந்தவனைக் கோயில் வாசலில் நிறுத்தி, உனக்கு விசுவாசம் உண்டா என்று கேட்கவில்லை அவர். உள்ளே கூப்பிட்டார்.

அத்தைக்கு இது ஒப்பவில்லை. "கோயிலுக்கு வர்றவங்க அழுதுட்டு வருவாங்க. அவங்களுக்கு ஒரு முகம் வேணும்ல?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சேலை உடுத்தி நிற்கும் எங்கள் மாதாவின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தன் கஷ்டங்களையெல்லாம் சொல்லியிருக்கிறார். எனக்கோ இரண்டும் வேண்டும். செப்டம்பர் மாதா திருவிழாவில் காவி உடுத்தி வரும் கூட்டத்தையும், மெழுகுவர்த்திச் சூட்டையும், இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி இன்று வரைந்து இதே சுவரில் மாட்டப்போகும் ஒரு படத்தையும் ஒன்றாகப் பார்க்க ஆசை.

போனில் அடுத்த படம், ரூபன்ஸ் என்ற பழைய ஓவியரின் ஓவியம். தலைகீழாகச் சிலுவையில் அறையப்படும் இராயப்பர். ரூபன்ஸ் தன் கடைசிக் காலத்தில் அந்தக் கோயிலுக்கென்றே வரைந்தது. அவருடைய அப்பாவை அடக்கம் செய்ததும் அங்கேதான். அத்தை படத்தை விரலால் பெரிதாக்கி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கோயில் இடிந்ததையும், முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியதால் பதினாறாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகள் தப்பியதையும் சொன்னேன். எங்கள் மாதா கோயில் கண்ணாடிகளையும் அதே போர்க்காலத்தில்தான் கழற்றி வைத்தார்கள். 1947-இல்தான் திரும்ப மாட்டினார்கள். அத்தை எழுந்தார்.

"வா, உள்ள போயி பாத்துட்டு வரலாம். இத்தன வருஷமா மாதாவைத்தான் பாத்தேன், அண்ணாந்து கண்ணாடியப் பாக்கல."