குரக்கன் புட்டும் நாகக் குளிசையும்

தமிழ்நாட்டில் துத்தநாகம் (சிங்க்) என்பதை இலங்கையில் எங்கள் பள்ளிக்கூட ரசாயனப் புத்தகத்தில் வெறும் நாகம் என்றுதான் படித்தோம். போன வருடம் சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, தலைமயிரும் கொட்டுகிறது என்று வைத்தியரிடம் போனபோது நாகக் குளிசை (மாத்திரை) எழுதித் தந்தார். வீட்டில் சொன்னதும் மாமி, "அதென்ன பிள்ளை, பாம்புக் குளிசையோ?" என்று கேட்டா.

ஒரு மாதம் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மருந்துக்கடைப் பிள்ளைதான் பிடித்தாள். "அக்கா, இரும்புக் குளிசையையும் சேர்த்தோ போடுறீங்கள்?" ஓம், விடிய வெறுவயிற்றில் இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில். அப்படி விழுங்கினால் கூடிய அளவு இரும்பு நாகத்தை உள்ளே போகவிடாதாம். சரி, இரும்பு காலையில், நாகம் மத்தியானச் சாப்பாட்டோடு என்று பிரித்தேன். வெறுவயிற்றில் வந்த குமட்டலும் நின்றது.

அப்புறம்தான் புட்டின் பக்கம் பார்வை போனது. இவருக்குச் சலரோகம் (நீரிழிவு) வந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் குரக்கன் (கேழ்வரகு) ஆட்சி. குரக்கன், பயறு, கடலை எல்லாவற்றிலும் நாகம் இருக்கிறது. கூடவே பைட்டிக் அமிலமும் இருக்கிறது. முளைக்கப்போகும் செடிக்காக விதை பொஸ்பரசைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. குடலில் நாகத்தை இறுகப் பிடித்து, உடம்பில் சேரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். அதை உடைக்கும் நொதியும் விதைக்குள்ளேயே உண்டு. ஆனால் அதற்கு ஈரம் வேண்டும், நேரம் வேண்டும், கொஞ்சம் புளிப்பும் வேண்டும். புட்டுக்கு நாங்கள் தண்ணீர் தெளித்துக் குழைத்த கையோடு நீராவியில் ஏற்றிவிடுகிறோம். பாவம், அந்த நொதி கண் முழிக்குமுன்னே வெந்துபோகும்.

மனிதருக்கு நாகக் குறைபாடு வரலாம் என்ற எண்ணமே 1961இல் ஈரானில் இருந்துதான் வந்தது. ஷிராஸ் நகரில் வேலை செய்த வைத்தியர் ஆனந்த பிரசாத், வளர்ச்சி நின்றுபோன இளைஞர்களைக் கண்டார். அவர்களுடைய சாப்பாடு பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி. இறைச்சி மிகக் குறைவு. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. பிறகு எகிப்தில் அவர் செய்த ஆய்வில் நாகக் குறைபாடு உறுதியானது. புளிக்காத ரொட்டி என்று வாசித்ததும் எனக்கு அம்மம்மாவின் அப்பச்சட்டி நினைவு வந்தது. அவ மாவுக்குக் கள்ளு விட்டு இரவிரவாகப் புளிக்கவைப்பா. நாகத்தைப் பற்றி அவவுக்கு ஒன்றும் தெரியாது, அப்பம் பொங்கவேண்டும், அவ்வளவுதான்.

மீன், இறைச்சி என்று மச்சம் சேர்ந்தால் நாகம் இன்னும் நன்றாகச் சேரும். நண்டில் நாகமும் தாராளம். ஆனால் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் மாமி மச்சத்தைப் படலைக்குள்ளேயே விடமாட்டா. அந்த நாட்களில் பயறை முளைக்கட்டித்தான் சமைக்கிறேன்.

இப்போது குரக்கன் மாவை உளுந்தோடு கரைத்து, இரவு முழுக்கப் புளிக்கவிட்டுத் தோசை சுடுகிறேன். "புளிக்குது" என்று இவர் முகத்தைச் சுளிப்பார், ஆனால் தட்டில் மிச்சம் இருக்காது. கரைச்சல் என்னவென்றால், உளுந்தை முதல் நாளே ஊறப்போட நினைவிருக்க வேண்டும். இந்தக் கிழமை இரண்டு நாள் மறந்துவிட்டேன். இரண்டு நாளும் புட்டுத்தான்.